கொலைகார மாமியாருக்கு எத்தனை ஸ்டார்?

"கொல பண்ணது மாமியாருன்னு மட்டும் வந்துச்சுன்னா நான் ஒரு ஸ்டார் கூட குடுக்கமாட்டேன். இப்பவே சொல்ட்டேன்!"

"ஒரு ஸ்டாராவது குடுத்துதான் ஆவணும் பெரிம்மா. சைபர் ஸ்டாருன்னு அதுல கெடையாது."

"கெடையாதுன்னா போன மூடி வெய்யிடி. சைபர் குடுக்க எனக்கு உரிம இல்லன்னா, ஸ்டார் கேக்க அதுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

"இன்னாக்கா நீங்க? அவ பண்ணலன்னா பின்ன யாரு? சக்கர டப்பாவுக்குப் பூட்டு போட்டு, சாவிய இடுப்புல சொருவிக்கினு திரியறவ அவ. அவளுக்கு ஒரு பொண்ணக் கெணத்துல தள்ளறது பெரிய வேலயா?"

"சக்கர டப்பாவுக்குப் பூட்டு போட்டவல்லாம் கொலகாரியாடி? போட்டவளுக்குத்தான் தெரியும் எறும்போட தொல்ல!"

இதைச் சொன்னது துர்காதேவி. சொல்லும்போதே அவள் கை தன் இடுப்புக்குப் போயிற்று. அங்கே ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்த டப்பாவின் சாவி என்று நகரி பவர்லூம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவள் மருமகள் தரணி உகாதிக்கு விஜயபுரத்து அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை என்பதும் தெரியும். அதனால் அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று சுவரிலிருந்த பெருமாள் காலண்டரைப் பக்தியோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

துர்காதேவியோடு வாதாடியவள் எதிர்வீட்டு உதயா. ஸ்டார் விவரம் சொன்னவள் உதயாவின் மகள் காவ்யா. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவள். இவர்களுக்கு நடுவே, ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேவசேனா உட்கார்ந்திருந்தாள். சண்டை முற்ற முற்ற அவள் முகத்தில் ஒரு நிறைவு. தான் வைத்த குழம்பை யாராவது இரண்டாம் முறை கேட்கும்போது சில பெண்களுக்கு வருமே, அந்த நிறைவு.

"கடேசி அத்தியாயம் பாக்கி கீது. அதப் படிச்சாதானே தெரியும்" என்றாள் தேவசேனா, புத்தகத்தை மூடியபடி. "கரண்ட் வந்துடும் இப்ப. நாளைக்குப் பாக்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்க ஷெட்டுகளில் தறிகள் 'டகடகடக' என்று எழுந்தன. எல்லாரும் எழுந்து போனார்கள். துர்காதேவி மட்டும் வாசலில் திரும்பி நின்று ஏதோ கத்தினாள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சுட்டுவிரல் ஆடிய விதத்தில் அது நல்ல வார்த்தை இல்லை என்று தெரிந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கொலை எதுவும் தெருவில் நடக்கவில்லை. எல்லாம் 'வளையலின் சாட்சி' என்கிற தமிழ் நாவலில் நடந்தது. யாமினி என்று ஒரு பெண். இறந்துபோனவர்களின் பொருளைக் கையில் பிடித்தால் அவளுக்குத் தலையைப் பிளக்கிற வலி வரும். வலி முடியும்போது குற்றம் நடந்த காட்சி கண்ணுக்குள் தெரியும். போலீஸுக்குத் துப்பு கிடைக்காத கேஸெல்லாம் அவளிடம்தான் வரும். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மருமகள் காணாமல் போகிறாள். வளையல் மட்டும் கிடைக்கிறது. யாமினி வளையலைத் தொடுகிறாள். இதுதான் கதை.

இந்தப் புத்தகத்தைத் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தேவசேனா வாங்கினாள். பள்ளிப்பட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் வரும்வரை பொழுது போகவேண்டுமே என்று வாங்கியது. அவள் பிறந்தது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பத்தாவது வரை தமிழில் படித்தவள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து அந்தப் படிப்புக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. நகரியில் வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ்தான். படிப்பதும் எழுதுவதும் தெலுங்கு. பஸ் போர்டு தெலுங்கு, ரேஷன் கடைப் பலகை தெலுங்கு, சச்சிவாலயம் என்கிற ஊர் ஆபீஸில் ஒட்டுகிற காகிதம் தெலுங்கு. எந்த பஸ் என்று தேவசேனா பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். "பாவம், படிப்பு வராது அதுக்கு" என்று தெரு அவளைப் பற்றிப் பேசிக்கொண்டது. பத்தாவதில் தமிழில் ஸ்கூல் பர்ஸ்ட் வந்தவளைப் பற்றி!

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் கட்டில், தனக்காக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கங்கம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி அது? கொஞ்சம் ஜோரா படி" என்றாள். மறுநாள் நாலு பேர். அடுத்த வாரம் தெருவில் பாதி. தமிழ் புரியும், தமிழ் எழுத்துதான் தெரியாது. அதனால் அந்தப் புத்தகத்துக்கு ஒரே வாசல். அந்த வாசலில் தேவசேனா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அதுவரை மத்தியானம் எல்லாரும் கூடியது உதயா வீட்டில். அவள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்ததால் கரண்ட் போனாலும் டிவி சீரியல் ஓடும். இப்போது இன்வர்ட்டர் உதயாவுக்கு மட்டும் ஓடியது. கடைசியில் உதயாவும் அதை நிறுத்திவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தாள். தேவசேனாவுக்குக் கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அவள் புருஷன் சுரேஷ்பாபுவிடம் கேட்டுப் பாருங்கள், அவனும் அதையேதான் சொல்வான்.

இனிமேல்தான் விஷயமே.

புத்தகத்தில் கதை நடப்பது ஊட்டியில். பக்கத்துக்குப் பக்கம் பனி. பனி இறங்கியது, பனி படர்ந்தது, பனி யாமினியின் தோளில் கை வைத்தது. ஃபேன் ஓடாத மத்தியானத்தில், கழுத்தில் வேர்வை வழிய உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இவ்வளவு பனி எதற்கு என்று தேவசேனா பனியை மட்டும் தாண்டிப் படித்தாள். அது ஒரு பாவமா? அப்புறம், பனி போன பிறகு ஊட்டியில் என்ன இருக்கிறது என்று கதையைத் தூக்கி நகரி மலையடிவாரத்தில் வைத்தாள். யாமினி சாப்பிட்ட சாண்ட்விச்சை முட்டை தோசை ஆக்கினாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து விழுந்து கை உடைந்தபோது புத்தகத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த கங்கம்மா, "ஐயோ, புத்தூருக்குக் கூட்டிக்கினு போவக்கூடாதா? முட்ட வெச்சுக் கட்டினா மாவு கட்டே வோணாமே" என்று பதறினாள். தேவசேனா ஒரு நொடிதான் யோசித்தாள். அடுத்த வரியிலேயே ஜீப் புத்தூருக்குத் திரும்பியது. அந்த இரண்டு பக்கத்துக்கு வந்த கைதட்டல் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது.

மாமியார் கதைதான் மோசம். நாவலில் அந்த மாமியார் நெஞ்சுவலி வந்து இரண்டாம் அத்தியாயத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். தேவசேனாவும் அப்படித்தான் படிக்க இருந்தாள். அன்று பார்த்து துர்காதேவி, "படிக்கிறது சரி, கொரல்ல உசுரு இல்லயே தேவசேனா. ரேசன் கடயில பேரு கூப்புடற மாதிரி கீது" என்று சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். சாக வேண்டிய மாமியாருக்கு நெஞ்சுவலி சரியாயிற்று. மறுநாள் அவள் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு வாங்கினாள். அதற்கடுத்த நாள் சாவி இடுப்புக்கு வந்தது. வாரம் முடிவதற்குள் யாமினிக்கு வரும் காட்சியிலெல்லாம் ஒரு சாவிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இதெல்லாம் தெருவோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. காவ்யா சும்மா இருந்தாளா? புத்தகம் விற்கிற ஆன்லைன் கடையில் படித்தவர்கள் கருத்து எழுதலாம் என்று கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வீடு ஒரு போன் இருக்கிறது. ஒவ்வொருத்தி போனிலும் அவள் பெயரிலேயே தெலுங்கில் தட்டிப் போட்டாள். உதயா: 'புத்தூர் கட்டு சீன் அற்புதம். எங்கள் ஊரை இவ்வளவு தெரிந்து எழுதியவருக்கு நன்றி. ஐந்து ஸ்டார்.' கங்கம்மா: 'யாமினிக்குத் தலைவலி வரும்போதெல்லாம் எனக்கும் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு கேட்டேன். ஐந்து.' இன்னொருத்தி: 'யாமினி நல்ல பெண். ஆனால் கல்யாணம் ஆகாத பெண் போலீஸ்காரரோடு இவ்வளவு நேரம் ஜீப்பில் போகக்கூடாது. நாலு.' துர்காதேவி சொல்லச் சொல்ல எழுதியது: 'மாமியாரைப் பற்றி எழுதியவருக்கு மாமியாராக இருந்து பழக்கமில்லை. மற்றபடி பரவாயில்லை. மூன்று.'

அதற்கு முன் அந்தப் புத்தகத்துக்கு மொத்தமே இரண்டு கருத்துதான் இருந்தன. ஒன்று, 'அட்டை வழவழப்பாக உள்ளது.' மற்றது, 'பார்சல் நனைந்து வந்தது. ஒரு ஸ்டார்.'

நாவலை எழுதியவர் மனோரமா. திருப்பதியில் ஒரு காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலையில் காபிக்கு முன்னால் அந்தக் கடைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். ஒரு நாள் திறந்தால் கருத்து மேல் கருத்தாக நகரிப் பெண்கள் குவிந்திருந்தார்கள். தெலுங்கு அவருக்கு நன்றாகவே தெரியும். முதலில் ஆனந்தம்; பிறகு சந்தேகம். புத்தூர் கட்டா? சாவியா? நம் பெயரில் யாரோ வேறு புத்தகம் போட்டு விற்கிறார்களா? காவ்யா ஒரு கருத்தின் அடியில் பெருமையாகத் தன் போன் நம்பரையும் போட்டிருந்தாள். மனோரமா அதில் கூப்பிட்டார். "சனிக்கிழமை வர்றேன்மா. என்னோட வாசகர்களை நேர்ல பார்க்கணும்" என்றார். குரலில் இருந்தது ஆசையா விசாரணையா என்று காவ்யாவுக்குத் தெரியவில்லை. அவள் அந்தச் செய்தியைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

எல்லாருக்கும் குதூகலம். தேவசேனா மட்டும் புத்தகத்தை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

அன்று இரவு தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தாள். "காச்சலா?" என்று கேட்டான் சுரேஷ்பாபு. "இல்ல" என்றாள். எழுதினவளே வந்து, இது என் கதை இல்லை என்று சொல்லிவிட்டால்? பொய் படித்தவள் என்று ஆகிவிடும். உதயா அன்றைக்கே இன்வர்ட்டரைப் போடுவாள். பெண்களெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவார்கள். இவள் மறுபடியும் பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு யாரையாவது கேட்டு நிற்கிற தேவசேனா ஆகிவிடுவாள். எப்படியோ தெரு தன்னைப் 'படிக்கத் தெரிஞ்சவ' என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. அது போய்விடும் என்பதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பயத்தில்தான் கடைசி அத்தியாயத்தையும் இழுத்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்ன மனோரமா காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். அண்ணன் மகன் ஸ்ரீஹரி காரை ஓட்டி வந்தான். திருமலையில் பக்தர்களுக்கு ரூம் ஒதுக்குகிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வார லீவைத் தியாகம் செய்து அத்தைக்காக வந்திருந்தான். தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. தேவசேனா வீட்டு முன்னறையில் இருவரையும் உட்காரவைத்து, தெருப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்தார்கள். பவர்லூம் தெருவில் பேசுவது என்றால் கத்துவதுதான். கங்கம்மா மனோரமாவின் காதருகே போய், "காபி குடிச்சுட்டு வந்தீங்களா, டிபன் துன்னுட்டு வந்தீங்களா?" என்று கத்த, அவர் ஒரு முழம் துள்ளினார்.

"புத்தூர் சீன் யார் எழுதினது?" என்று மனோரமா கத்தினார்.

"ஆமாங்க, சூப்பர் சீனுங்க!" என்று உதயா பதிலுக்குக் கத்தினாள்.

தேவசேனா காபி போடுகிற சாக்கில் காவ்யாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்க ஷெட்டுக்குள் போனாள். ரகசியம் பேச அந்தத் தெருவில் அதைவிட நல்ல இடம் கிடையாது. நாலு தறி ஓடும்போது நடுவில் நின்று என்ன கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். கடன், காதல், கர்ப்பம், எல்லாம் முதலில் வெளிப்படுவது அங்கேதான்.

"காவ்யா! அந்த ஸ்டாரையெல்லாம் அழிச்சுடுடி!"

"இன்னா அத்த?"

"ஸ்டார்! அழிச்சுடு!"

"ஏன் அத்த? எல்லாம் அஞ்சு அஞ்சா கீது!"

"புரிஞ்சுக்கோடி! புஸ்தகத்துல அதெல்லாம் கெடையாது!"

"எது கெடையாது?"

தேவசேனா மூச்சை நன்றாக இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எதுவுமே கெடையாதுடி! புத்தூருக்கு அனுப்பனது நானு! மாமியார் ரெண்டாவது அத்தியாயத்துலயே செத்துட்டா! துர்காக்கா மேல இருந்த கோவத்துல நாந்தான் அவளப் பொழைக்க வெச்சு, சக்கர டப்பாவுக்குப் பூட்டு போட்டு, கொலகாரி ஆக்கினேன்!"

எந்தக் காக்கா எந்தக் கம்பியில் உட்கார்ந்ததோ, 'மேல' என்ற வார்த்தை வரும்போதே கரண்ட் போய்விட்டது. தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. தெருவில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. வேகத்தில் ஓடிய நாக்கு நிற்கவில்லை. 'இருந்த கோவத்துல' என்பதிலிருந்து 'ஆக்கினேன்' வரைக்கும் ஷெட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, கடைசி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கங்கையா தாத்தாவை எழுப்பிவிட்டது.

காவ்யா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவசேனா நின்றுபோன தறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்று என்ன செய்வது? வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. முன்னறை வழியாகத்தான் போக வேண்டும்.

போனாள். யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஸ்ரீஹரி மட்டும் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கினான்.

மனோரமாதான் முதலில் பேசினார். "நாலு வருஷம் எழுதின கதைம்மா அது. ஒவ்வொரு வரியும் பார்த்துப் பார்த்து எழுதினேன்."

"தெரியுங்க" என்றாள் தேவசேனா. "தப்புதாங்க."

"பனியெல்லாம்?"

"தாண்டிட்டேங்க."

மனோரமாவுக்கு அதுதான் அதிகம் வலித்தது போலிருந்தது. மடியிலிருந்த புத்தகத்தைப் பிரித்தார். "இருங்க. கடைசி அத்தியாயத்தை நானே படிக்கிறேன். நிஜக் கதை என்னன்னு எல்லாரும் கேளுங்க" என்று ஆரம்பித்தார். அழகான குரல். அட்சரம் பிசகாத உச்சரிப்பு. முதல் பக்கம் முழுக்கப் பனி இறங்கியது. இரண்டாம் பக்கத்தில் பனி மெல்ல விலகியது. கங்கம்மா கொட்டாவியை முந்தானைக்குள் விட்டாள். மூன்றாம் பக்கத்தின் முடிவில் கொலைகாரன் இன்ஸ்பெக்டர்தான் என்று தெரிந்தது. மனோரமா நிறுத்தி, அதிர்ச்சிக்காகக் காத்திருந்தார்.

"போலீஸ்காரரா?" என்றாள் உதயா. "அது மொத நாளே தெரியுமேங்க. அந்தாளு முழியே சரியில்லன்னு நான் சொன்னேன், இல்லக்கா?"

"அப்ப கை ஒடஞ்சது வீணா?" என்று கங்கம்மா வருத்தப்பட்டாள். "கொலகாரனுக்கா நாம முட்ட வெச்சுக் கட்டினோம்?"

"ரெண்டு குடுக்கலாம்" என்றாள் மூலையிலிருந்து ஒருத்தி.

"அதுவும் அந்தம்மா நேர்ல வந்ததால" என்றாள் இன்னொருத்தி.

மனோரமா புத்தகத்தை மெதுவாக மூடினார். காலேஜில் முப்பது வருஷம் பேப்பர் திருத்தியவர். தன் பேப்பரைப் பிறர் திருத்தி அவர் பார்த்ததில்லை.

இந்தச் சந்தடியில் உதயா எழுந்தாள். புடவையைத் தட்டிக்கொண்டாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நெஜமும் இல்லாம பொய்யும் இல்லாம இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு? வாங்க, நம்மூட்டுல டிவி போடறேன். இன்வர்ட்டர் புது பேட்டரி போட்டு கீது" என்றாள்.

நாலைந்து பேர் பாயிலிருந்து எழுந்தார்கள். தேவசேனா பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் நகர்த்தப் போனாள். அந்த நாற்காலி இனிமேல் துணி போட்டு வைக்கத்தான் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டது கையிலேயே தெரிந்தது.

"ஏய்! எங்க போற? குந்து!"

துர்காதேவி. எழுந்தவர்களும் பயந்து உட்கார்ந்தார்கள்.

"எம் மேல கோவம்னா எம் மூஞ்சிய பாத்து நாலு வார்த்த கேக்கணும். அத உட்டுட்டு, செத்தவள எழுப்பி கொணாந்து, தெருவுல எம் மானத்த வாங்கினியே. மூணு மாசமா எல்லாரும் என் இடுப்பயே பாத்துக்கினு கீறாங்க. இப்ப இன்னாடான்னா, பாதியில நாற்காலியத் தூக்கறியா? அந்த மாமியார் கதி இன்னா? கொலகாரின்னு பேர் வாங்கிக்கினு அப்பிடியே நிக்கணுமா அவ?"

"அக்கா, அது கதயில கெடையாதே..."

"அவங்க கதயில கெடையாது. உங் கதயில கீது இல்ல? நீ ஏத்துன பழி, நீயே எறக்கு. கரண்ட் வர்றதுக்குள்ள எறக்கு. அப்பறம் யார் ஊட்டுல டிவி, யார் ஊட்டுல ரேடியோன்னு பாக்கலாம்."

தேவசேனா மனோரமாவைப் பார்த்தாள். மனோரமா ஒரு கையைக் காட்டினார். 'எக்கேடோ கெட்டுப்போங்கள்' என்பதற்கும் 'ஆரம்பியுங்கள்' என்பதற்கும் நடுவில் ஒரு கை அது.

தேவசேனா உட்கார்ந்தாள். மடியில் புத்தகம் இல்லை. அப்படி உட்காருவது முதல் தடவை. தொண்டையைச் செருமினாள்.

"சித்தூர் கோர்ட்டுல மாமியார நிக்க வெச்சிருக்காங்க. ஜனம் நெருக்கிக்கினு கீது. யாமினி உள்ள வர்றா. ஜட்ஜுகிட்ட, அந்த வளையல இன்னொரு வாட்டி குடுங்கன்னு கேக்கறா. கையில வாங்கறா. தலைய வலிக்கும்னு கண்ண இறுக்கி மூடிக்கிறா. வலிக்கல."

"வலிக்கலியா?" என்றாள் கங்கம்மா.

"வலிக்கல. ஏன்? செத்தவங்க பொருளத் தொட்டாதானே அவளுக்கு வலிக்கும். மொத வாட்டி வலிச்சது வெறும் வெய்யில் தலவலி. அப்ப அந்தப் பொண்ணு சாவல."

உதயா பாயில் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வலி இல்லாமலே யாமினிக்குக் கண்ணுல தெரியுது. ஒரு வூடு. வாசல்ல வேர்க்கடல காயுது. அந்தப் பொண்ணு உசுரோட கீறா. அம்மா வூட்டுல குந்தி வேர்க்கடல ஒடச்சிக்கினு கீறா. பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் ரோட்டப் பாக்கறா. புருசனுக்காக இல்ல, அவன் வாரா வாரம் வந்து போயிக்கினுதான் கீறான். மாமியார் வருவாளான்னு பாக்கறா. ஒரு காபிக்குச் சக்கர கேட்டதுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டாங்க. அந்த வார்த்தய வந்து திருப்பி எடுத்துக்கினா, அன்னைக்கே பொறப்புட்டு வந்துடலாம்னு துணிய மடிச்சு வெச்சிருக்கா. யாமினி கண்ணத் தொறக்கறா. ஜட்ஜய்யா, இந்த அம்மா கொலகாரி இல்ல, பஸ் ஏறத் தெரியாதவங்க, அவ்ளோதான்னு சொல்றா."

தெருவில் பாதிப் பேருக்கு, இந்தச் சண்டை நிஜத்தில் யார் வீட்டில் நடந்தது என்று நன்றாகத் தெரியும். விஜயபுரத்தில் யார் வீட்டு வாசலில் வேர்க்கடலை காயும் என்றும் தெரியும். ஆனால் ஒருத்தியும் துர்காதேவியைப் பார்க்கவில்லை. அவள் இடுப்பையும் பார்க்கவில்லை. அந்தத் தெருவின் சரித்திரத்தில் அது ஒரு அதிசயம்.

"வார்த்த சொன்னது தப்புதான்" என்றாள் துர்காதேவி. "அந்த மாமியாரச் சொல்றேன்."

"ஆமாமா, அந்த மாமியாரத்தான்" என்றார்கள் எல்லாரும் அவசர அவசரமாக.

அப்போது ஒரு குரல் கேட்டது. "அந்த இன்ஸ்பெக்டர் கை என்னாச்சு? கூடிச்சா?"

கேட்டது மனோரமா. கேட்ட பிறகுதான் தான் யார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்; சட்டென்று காபி டம்ளரை எடுத்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

"மூணு கட்டுல கூடிடுச்சுங்க" என்றாள் தேவசேனா. கரண்ட் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் உதயா வீட்டில் டிவி ஓடியதா என்றால், ஓடியது. பார்க்கத்தான் ஆளில்லை. புதுப் பேட்டரியைப் பற்றி அவள் அப்புறம் பேசவேயில்லை. தேவசேனாவின் நாற்காலி அதே இடத்தில் இருந்தது; ஒரு நிபந்தனையோடு. துர்காதேவி திருத்தணியிலிருந்து ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வரவழைத்து, 'அம்மா, ஆடு' என்று எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். "இனிமே உன்ன நம்பி ஒரு மாமியாரையும் உட முடியாது" என்றாள். படிக்கும்போது தேவசேனாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வருகிறாள். எந்தக் கதையிலும் இதுவரை மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அதனால் நாலாம் பக்கத்திலிருந்து தேவசேனா இஷ்டம்தான். மனோரமா கருத்துகளை எடுக்கச் சொல்லவில்லை. ஸ்டார் யாருக்குக் கசக்கும்? நாவலின் இரண்டாம் பதிப்பில் புத்தூர் கட்டு சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. சொன்னவள் தேவசேனா.

மறு திங்கட்கிழமை துர்காதேவி விஜயபுரம் பஸ்ஸில் ஏறியதை இரண்டு பேர் பார்த்தார்கள். பையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்ததாக ஒருத்தி சொல்கிறாள். வெல்லம் என்கிறாள் மற்றவள். தரணி திரும்பி வந்தாள். வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு, புருஷனோடு புத்தூரில் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை, அவனுக்கு அங்கே வேலையாம். துர்காதேவி வெள்ளிக்கிழமை தோறும் போய் வருகிறாள். அங்கே டப்பாவுக்குப் பூட்டு இல்லை, எறும்புதான் இருக்கிறது என்று வந்து சொல்கிறாள்.

கைக்குட்டைக்குள் சிரித்த ஸ்ரீஹரிக்கும், வாயைப் பொத்திய காவ்யாவுக்கும் கல்யாணம். விசாரித்துப் பார்த்தால் அவர்களும் நெசவுக் குடும்பம்தான், உதயாவின் அம்மா வழியில் தூரத்து உறவுகூட. காவ்யா இப்போது திருப்பதியில். "மாமியார் எப்பிடிடி?" என்று போனில் உதயா கேட்டதற்கு, "மூணரை" என்றாளாம்.

"அதுல அரை கெடையாதே" என்றாளாம் உதயா.

"பாத்துக்கினு போடலாம்" என்றாளாம் காவ்யா.